ஃப்ரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன்: பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதற்கு இவ்வளவு செலவு தகுமா?

செப்டம்பர் கடைசியில் கனடாவின் வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறீர்கள். மருமகன், ‘ஃப்ரேசர் ஆற்றில் வழிகாட்டியோடு ஒரு நாள் ஸ்டர்ஜன் பிடிக்கப் போகலாம் மாமா’ என்கிறார். பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று தெரிந்ததும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மலைப்பக்கம் போவதா, கழிமுகப் பக்கம் போவதா, 63 வயதில் அவ்வளவு பெரிய மீனை இழுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று பட்டது. சமைக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு உயிரை முள்ளில் மாட்டி, வாட்டி எடுத்துவிட்டு, திருப்பி விடுவது சரியா? அதற்குக் காசும் கொடுக்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் ‘இந்த மாதம் போங்கள், இந்த இடத்துக்குப் போங்கள்’ என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

நான் மீன்வளம் படித்தவன். ஃப்ரேசர் கரையோர ஊர் ஒன்றில் குடியேறிய பிறகு, இங்கே ஸ்டர்ஜன்களுக்குக் குறியிட்டுக் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களோடு பல வருடமாகப் படகில் போய்வருகிறேன். வழிகாட்டித் தொழில் செய்பவன் அல்ல. யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. ஹோப் ஊருக்குக் கீழே கடல் வரைக்கும் உள்ள கீழ் ஃப்ரேசரைப் பற்றித்தான் அனுபவத்தில் பேச முடியும். அதற்கு மேலே படித்ததும் கேட்டதும்தான். என் பதில் இது: போகலாம். ஆனால் எல்லாப் படகிலும் அல்ல, எல்லா மாதத்திலும் அல்ல.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். இங்கே இருப்பது வெள்ளை ஸ்டர்ஜன். வட அமெரிக்காவின் ஆறுகளில் வாழும் மீன்களிலேயே இதுதான் பெரியது. உடம்பில் செதில் கிடையாது. அதற்குப் பதில் முதுகிலும் விலாவிலும் வயிற்றோரத்திலும் ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள். உள்ளே எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்புதான். மூக்குக்கு அடியில் நான்கு மீசை, நம் ஊர் கெளுத்திக்கு இருப்பது போல. அதற்குப் பின்னால் பல்லே இல்லாத வாய். குழாய் மாதிரி கீழ்நோக்கி நீண்டு, தரையில் கிடப்பதை உறிஞ்சிவிட்டு உள்ளே போய்விடும். வண்டல் கலங்கிய ஆற்றில் கண் இதற்குப் பெரிய துணை இல்லை. மீசையாலும் மோப்பத்தாலும், மூக்கின் அடிப்புறத்தில் இருக்கும் மின்னுணர் குழிகளாலும்தான் இரையைத் தேடுகிறது.

வயதுதான் இதில் முக்கியமான விஷயம். இந்த மீன் நூறு வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. பெண் மீன் முதல்முறை முட்டையிடுவதற்கே சுமார் இருபது வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குப் பிறகும் வருடாவருடம் இடாது; நான்கு வருடம், அதற்கு மேலும்கூட இடைவெளி விட்டுத்தான் இடும். ஒரு பெரிய பெண் மீன் ஒரே தடவையில் பத்து லட்சத்துக்கு மேல் முட்டையிடலாம் என்றாலும், அவற்றில் பிழைத்து வளர்வது மிகச் சொற்பம். நீங்கள் பிடிக்கக்கூடிய 2 மீட்டர் மீன் பெரும்பாலும் கால் நூற்றாண்டைத் தாண்டியதாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைக் கொன்றால் அந்த இடம் நிரம்ப ஒரு மனிதத் தலைமுறை வேண்டும். மத்தியும் அயிலையும் பிடிக்கிற கணக்கு இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

அந்தக் கணக்குத் தெரியாமல் பிடித்ததன் விளைவை ஃப்ரேசர் ஒரு தடவை பார்த்துவிட்டது. 1890-களில் இறைச்சிக்கும் சினைக்குமாக இங்கே வணிக மீன்பிடிப்பு சூடுபிடித்தது. 1897-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 5 லட்சம் கிலோவுக்கு மேல் பிடித்தார்கள். அடுத்த சில வருடங்களுக்குள் பிடிபடுவதற்கு மீன் இல்லாமல் தொழில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆகியும் எண்ணிக்கை பழைய நிலைக்கு வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெரிய பெரிய ஸ்டர்ஜன்கள் செத்து மிதந்தன. அதற்கான காரணம் இன்றுவரை தீர்மானமாக நிறுவப்படவில்லை. 1994-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, தூண்டிலில் பிடித்த ஸ்டர்ஜனை வைத்துக்கொள்ளவே கூடாது என்று தடை போட்டது. ஆற்றோரப் பூர்வகுடி மக்களும் தங்கள் மரபான பிடிப்பைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். பல நூற்றாண்டு உரிமை அது. யாரும் கட்டாயப்படுத்தாமல் விட்டுக்கொடுத்தார்கள். ஸ்டர்ஜன் பற்றிய பேச்சில் இது அதிகம் வருவதில்லை என்பது எனக்குக் குறைதான்.

யூட்யூபில் ஸ்டர்ஜனைப் பிடித்துக் கரையிலேயே வெட்டித் துண்டு போடும் காணொளிகளை மருமகன் பார்த்திருக்கலாம். அவை பெரும்பாலும் கொலம்பியா ஆறாக இருக்கும். அது எல்லைக்குத் தெற்கே, ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் ஓடுவது. அஸ்டோரியா ஊரை ஒட்டிய அதன் கழிமுகத்தில் சில வருடங்களில், சில நாட்கள் மட்டும், சுமார் 112 முதல் 127 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள மீனை வைத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். அதைவிடச் சிறியதும் கூடாது, பெரியதும் கூடாது. குட்டியும் தப்ப வேண்டும், முட்டையிடும் தாயும் தப்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. அங்கேயும் 2014 முதல் 2016 வரை அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஃப்ரேசரில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு மீனைக்கூட எடுத்துவர முடியாது. ருசி பார்க்க ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்த்த ஸ்டர்ஜன் வாங்கலாம். ஆற்று மீன் என்று சொல்லி யாராவது மறைவில் விற்றால் அது குற்றம், பக்கத்தில் போகாதீர்கள்.

ஃப்ரேசருக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. 1,375 கிலோமீட்டர் ஓடும் அதன் பிரதான ஓட்டத்தில் ஒரு அணைகூட இல்லை. பனி உருகி வரும் வெள்ளம் மே, ஜூனில் முழு வேகத்தோடு இறங்கும். அந்த ஓட்டத்தில், ஹோப்புக்கும் மிஷன் என்ற ஊருக்கும் நடுவில் உள்ள சரளைக்கல் பகுதியில்தான் ஸ்டர்ஜன் முட்டையிடுகிறது. இதன் அருமை தெரிய வேண்டும் என்றால் ஃப்ரேசரின் கிளையாறான நெச்சாக்கோவைப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் அங்கே கென்னி அணை வந்தது. அதற்குப் பிறகு வெள்ளத்தின் போக்கு மாறி, சரளைக்கல்லில் வண்டல் படிந்து, 1960-களின் கடைசியிலிருந்தே குஞ்சுகள் பிழைப்பது ஏறத்தாழ நின்றுவிட்டது. கிழட்டு மீன்கள் இருந்தன, அடுத்த தலைமுறை இல்லை. இப்போது வாண்டர்ஹூஃப் ஊரில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். நெச்சாக்கோ, மேல் ஃப்ரேசர் உட்பட நான்கு கூட்டங்கள் 2006-இலிருந்து கனடாவின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. கீழ் ஃப்ரேசர் கூட்டம் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் நீங்கள் இங்கே தூண்டில் போட முடிகிறது.

சரி, பிடித்து விட்டால் மீன் பிழைக்கிறதா? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் பிரித்துச் சொல்கிறேன். எதிர்முள் (கழன்றுவிடாதபடி பின்னோக்கி நீட்டிய கூர்) இல்லாத ஒற்றை முள்ளில், தேர்ந்த கையால் பிடிக்கப்பட்டு, தண்ணீரிலேயே வைத்து விடப்படும் ஸ்டர்ஜன் உடனே சாவது அபூர்வம். இதில் சந்தேகம் இல்லை. ஒரே மீன் வருடக்கணக்கில் பல தடவை பிடிபட்டு, ஒவ்வொரு தடவையும் வளர்ந்திருப்பதைக் குறியீட்டு எண்ணை வைத்து நாங்களே பார்க்கிறோம். இழுபறி நேரம் நீள நீளவும் தண்ணீரின் சூடு ஏற ஏறவும் மீனின் களைப்பு கூடுகிறது என்பதும் உறுதி; பிடிபட்ட மீன்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. சந்தேகமாக இருப்பது நீண்டகால விளைவு. முட்டையிடத் தயாராகும் ஒரு பெண் மீன் அந்த வருடம் பல தடவை பிடிபட்டால் அதன் முட்டையிடல் கெடுமா, தள்ளிப்போகுமா என்பது அறிஞர்களுக்குள் இன்னும் முடிவுக்கு வராத விவாதம். கெடாது என்று அடித்துச் சொல்லும் வழிகாட்டியையும் நம்பாதீர்கள், பிடித்ததெல்லாம் செத்துவிடும் என்பவரையும் நம்பாதீர்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் மீன் பக்கம் சாய்ந்து நிற்பதுதான் சரி என்பது என் கட்சி. முட்டையிடும் காலத்தில் சில பக்கக் கால்வாய்களில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை தூண்டில் தடை இருப்பதற்கும் இதுவே காரணம். தடை இல்லாத இடத்திலும் அந்த மாதங்களில் நான் போக மாட்டேன்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். கீழ் ஃப்ரேசரில் ஸ்டர்ஜன்கள் பல பத்தாயிரம் இருக்கின்றன, ஆனால் கடந்த இருபது வருடத்தில் இளம் மீன்களின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. இரை மீன்கள் சுருங்கியது, சரளைக்கல் பகுதி கெட்டது, சால்மன் வலைகளில் தவறிச் சிக்குவது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இளம் மீன் குறைகிறது என்பதே நமக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் காசுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. 1997-இல் ஃப்ரேசர் ஆற்று ஸ்டர்ஜன் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றிவந்த ரிக் ஹான்சன் அதன் நிறுவனர்களில் முதன்மையானவர். 2000-இலிருந்து அந்தச் சங்கம் நடத்தும் குறியிடும் திட்டத்துக்குக் கண்ணும் கையும் பெரும்பாலும் வழிகாட்டிகளும் தன்னார்வலர்களும்தான். அரசு இத்தனை படகுகளைத் தினமும் ஆற்றில் நிறுத்த முடியாது. வாடிக்கையாளர் வாடகை கொடுத்துப் போகும் படகில் மீன் பிடிபடுகிறது, அந்த மீன் கணக்கில் ஏறுகிறது.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். மீன் படகோரம் வந்ததும் வழிகாட்டி அதை மல்லாத்துவார். மல்லாத்தியதும் பெரும்பாலான ஸ்டர்ஜன்கள் அசையாமல் அடங்கிவிடும். வாய்க்குள் விரலை விட்டு முள்ளைக் கழற்றுவார்; எதிர்முள் இல்லாததால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு மீனை நேராக்கி, தலைத் தகட்டுக்குச் சற்றுப் பின்னால், கையடக்கமான ஒரு கருவியை மெதுவாக நகர்த்துவார். ஏற்கெனவே குறியிட்ட மீன் என்றால் கருவி ‘பீப்’ என்று கத்தும், திரையில் ஒரு நீண்ட எண் வரும். இல்லையென்றால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே நீளமான கண்ணாடிக் குறியை ஊசியால் தோலுக்கு அடியில் செலுத்துவார். அந்தக் குறிக்கு மின்கலம் கிடையாது, மீனின் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். அப்புறம் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நாடா பிடித்து நீளம், மார்புத் துடுப்புக்குப் பின்னால் சுற்றளவு, பிடித்த இடம், உடம்பில் இருக்கும் காயம், எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். சின்ன மீனாக இருந்தால் தண்ணீர் நிறைந்த ஒரு தொட்டில் துணியில் கிடத்தி இதைச் செய்வார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது. ஆழம் குறைந்த மணல் திட்டுக்குப் படகை ஒதுக்கி, எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றுதான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய மீனைத் தூக்கினால் அதன் உடல் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். குருத்தெலும்பு அதைத் தாங்காது. விடும்போது மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருப்பார்கள். செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். வாலை அடித்துக்கொண்டு தானாகவே கையை விட்டுப் போகும் வரை பிடித்திருக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது.

இனி, மலைப்பக்கமா கழிமுகமா என்ற கேள்வி. மிஷன் ஊரில் ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அதற்குக் கீழே கடல் ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும் நீர், மேலே நன்னீர். கீழே பிடிக்க மத்திய அரசின் ஓதநீர் உரிமம், மேலே பிடிக்க மாகாண அரசின் நன்னீர் உரிமமும் அதோடு ஸ்டர்ஜனுக்கென்றே தனிப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். பாலத்துக்கு இரண்டு பக்கமும் போவதாக இருந்தால் இரண்டும் வேண்டும். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் எடுப்பது பயணியின் பொறுப்பு, வழிகாட்டியின் பொறுப்பு அல்ல.

மிஷனுக்கு மேலே, சில்லிவாக், அகாசி, ஹோப் வரை உள்ள பகுதியில் ஆறு பல கிளையாகப் பிரிந்து, சரளைத் திட்டுகளைச் சுற்றி வேகமாக ஓடும். இருபுறமும் மலை. அடியில் சுழல் விசிறி இல்லாத ஜெட் படகுகள் ஆழம் குறைந்த இடத்திலும் பாய்ந்து போகும். மிகப் பெரிய மீன்கள் அதிகம் பேசப்படுவது இந்தப் பகுதியில்தான். 2012 ஜூலையில் சில்லிவாக் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பயணி ஒருவர் பிடித்துவிட்ட மீன் 3.7 மீட்டருக்கு மேல் இருந்தது. மீனை ஒதுக்கி அளக்க மணல் திட்டுகளும் இங்கே தாராளம். மிஷனுக்குக் கீழே லாங்லி கோட்டை, பிட் ஆறு கலக்கும் இடம், நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்று போகப் போக ஆறு அகலமாகி, சேறாகி, நிதானமாகிவிடும். இழுவைப் படகுகளும் மிதக்கும் மரக்கட்டைத் தொகுதிகளும் சரக்குக் கப்பல்களும் கூடவே வரும். அங்கே மீன் கடிப்பதை ஓதம்தான் தீர்மானிக்கிறது. வற்றம் இழுக்கும்போது ஓட்டம் வேகம் பிடிக்கும். ஏற்றம் வரும்போது தளரும். ஆறு இளைத்திருக்கும் குளிர்காலத்தில் சில இடங்களில் ஓட்டம் திரும்பி மேல்நோக்கிக்கூடப் போகும். ஓட்டம் மாறுகிற அந்தச் சற்று நேரத்தில் ஸ்டர்ஜன் இடம்விட்டு இடம் நகர்ந்து மேய ஆரம்பிக்கும். ஆகவே கழிமுகப் பக்கம் போனால் மணி பார்த்துப் போக வேண்டும். ஓத அட்டவணை பார்க்காமல் ‘காலை 8 மணிக்கு வந்துவிடுங்கள்’ என்று எல்லா நாளைக்கும் ஒரே நேரம் சொல்லும் ஆளிடம் கொஞ்சம் யோசியுங்கள். கீழே இளம் மீன்கள் கூடுதலாகக் கிடைக்கும், ஓட்டம் மென்மை, வான்கூவரிலிருந்து பயணமும் குறைவு. கடலுக்குள் போய்வரும் ஸ்டர்ஜன்களும் உண்டு. கொலம்பியாவில் குறியிட்ட மீன் ஃப்ரேசரில் சிக்கியிருக்கிறது.

உங்களுக்கு நான் மேல்பகுதியைத்தான் சொல்வேன். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்பதால் சொல்கிறேன். அந்த நேரத்தில் சால்மன்கள் முட்டையிட மேலே ஏறிவிட்டுச் செத்து, பிணங்களும் சிதறிய சினையும் ஆற்றோடு வந்துகொண்டிருக்கும். குளிர்காலத்துக்கு முன் உடம்பு ஏற்றிக்கொள்ள ஸ்டர்ஜன் நன்றாக மேயும். கோடையின் சூடு இறங்கி, தண்ணீர் குளிர்ந்திருப்பதால் பிடிபடும் மீனும் சீக்கிரம் தெளியும். மீனுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் நல்லதாக அமையும் மாதம் இதுதான். ஏப்ரலும் நல்ல காலம். யூலக்கான் என்ற எண்ணெய் மிகுந்த சின்ன மீன் கடலிலிருந்து ஏறும், அதன் பின்னால் ஸ்டர்ஜனும் வரும். ஆகஸ்டில் மீன் நிறையக் கடிக்கும், சுற்றுலாப் பயணிகளும் அப்போதுதான் குவிவார்கள்; ஆனால் தண்ணீர் சூடாக இருக்கும் நாட்களில் அது மீனுக்குக் கெட்ட நேரம். நடுக்குளிர்காலத்தில் ஸ்டர்ஜன்கள் ஆழமான மடுக்களில் கூட்டமாக அடங்கிக் கிடக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை.

படகில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் வயதைப் பற்றிய பயம் போய்விடும். நங்கூரத்தைப் பெரிய மிதவையோடு கட்டிப் போட்டு, படகை ஓட்டத்தில் நிறுத்துவார்கள். சால்மன் சினையை மெல்லிய காலுறைத் துணியில் முடிச்சாகக் கட்டி முள்ளில் கோப்பார்கள். அரைக் கிலோ வரை ஈயம் அதைத் தரையில் பிடித்து வைக்கும். தூண்டில் நரம்பு நூல் பின்னியது, 45 கிலோவுக்கு மேல் தாங்கும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இவ்வளவு பெரிய மீன், கோலைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கோலின் நுனி ஒரு தடவை லேசாகத் தலையாட்டும். நின்றுவிடும். குப்பை இடித்ததோ என்று சந்தேகம் வரும். மறுபடியும் இரண்டு தட்டு, பிறகு நுனி மெதுவாக, நிறுத்தாமல் கீழே இறங்கும். அப்போதுதான் கோலைத் தாங்கியிலிருந்து எடுத்து ஓங்கி இழுக்க வேண்டும். முள் பதிந்ததும் வழிகாட்டி நங்கூரக் கயிற்றை மிதவையோடு கழற்றி விட்டுவிட்டு, மீன் போகும் திசையிலேயே படகை விடுவார். நீங்கள் நங்கூரமிட்ட படகிலிருந்து மீனோடு மல்லுக்கட்டவில்லை. படகும் கூடவே போகிறது. பாதி வேலையை அது செய்துவிடும். அந்தக் கட்டத்தில்தான் மீன் முழு உடம்பும் தெரிய வெளியே துள்ளும். ஆளுயர மீன்கூடத் துள்ளும்.

ஒன்றேகால் மீட்டர் மீன் என்றால் கால் மணி நேரத்தில் வந்துவிடும். 2 மீட்டர் என்றால் அரை மணியோ முக்கால் மணியோ ஆகலாம். இடுப்பில் தாங்கு பட்டை கொடுப்பார்கள், உட்கார்ந்துகொண்டும் இழுக்கலாம், கோலைக் கைமாற்றியும் கொடுக்கலாம். ‘நானே தனியாக இழுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இழுபறியை நீட்டாதீர்கள். நீங்கள் களைத்துப் போவதற்கு முன்பே மருமகனிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மீனின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. முதுகுத் தண்டு, தோள், இதயம் ஆகியவற்றில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லக் கூடாது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். எல்லோருடைய இணையப் பக்கத்திலும் பெரிய மீன் படம் இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. அந்தப் படங்களில் வேறொன்றைப் பாருங்கள்: பெரிய மீன் தண்ணீருக்குள் இருக்கிறதா, படகின் தரையில் கிடக்கிறதா? யாராவது செவுளுக்குள் கையை விட்டுத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களா? அப்படி ஒரு படம் இருந்தாலும் அடுத்தவரைப் பாருங்கள். தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள். குறியிடும் திட்டத்தில் இருக்கிறீர்களா, கருவி படகில் இருக்குமா? தண்ணீர் மிகவும் சூடாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மீன் நெடுநேரம் அடங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘கோலை வாங்கி நான் முடித்துவிடுவேன்’ என்றோ ‘நரம்பை அறுத்து விட்டுவிடுவேன்’ என்றோ தயங்காமல் சொல்பவர் நல்ல ஆள். ‘ஒரு நாளில் இத்தனை மீன் உறுதி’ என்று எண்ணிக்கை சொல்லி வியாபாரம் செய்பவரிடம் நான் என் வீட்டு ஆட்களை அனுப்ப மாட்டேன். நன்னீர்ப் பகுதியில் கூலிக்கு அழைத்துப் போகிறவருக்கு மாகாண அரசின் வழிகாட்டி உரிமம் இருக்க வேண்டும், கேட்டால் காட்டுவார்.

பல வழிகாட்டிகள் படகுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள், தலைக்கு அல்ல. மகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் பங்கு குறையும். குழந்தைகளுக்கு அந்தக் கருவி ‘பீப்’ அடிப்பதும் எண் வருவதும் மீனைவிடப் பிடித்துப்போகும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, நடுவிலும் மாறுவதுண்டு. ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மாகாண அரசின் தூண்டில் விதிப் பக்கத்தையும் மத்திய மீன்வளத் துறையின் அறிவிப்புகளையும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமங்களை இணையத்தில் முதல் நாளே எடுத்துவிடலாம். காலையில் ஆற்றின் மேல் குளிர் எலும்பைத் தொடும். கம்பளி உள்ளாடை, மழைக்கோட்டு, மாற்று உடை ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள்; தண்ணீரில் இறங்கி நிற்க இடுப்புக்கு மேல் வரும் ரப்பர் உடுப்பு இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனின் குறியெண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அது எப்போது, எங்கே முன்பு பிடிபட்டது என்ற விவரம் திட்டத்தின் பதிவில் இருந்தால் வழிகாட்டி மூலம் பிறகு தெரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு.